லோக்கல்

தம்மாமில் கப்பல் இறக்கியதை
ரயில் இரவோடிரவாக இழுத்துவந்து
ரியாத் மணலில் அடுக்கிவிட்டுப் போகும்.
துறைமுகம் என்றுதான் இதற்கும் பெயர்.
கிரேன் உண்டு, சுங்கம் உண்டு,
கடல் மட்டும் நானூறு கிலோமீட்டர் தள்ளி.
இங்கிருந்து கர்ஜ் ரோட்டுக் கிடங்கு வரை
பதினேழு கிலோமீட்டர் என்னுடையது.

ஜித்தாவுக்கும் தபூக்குக்கும் போகிறவன் லைன் டிரைவர்.
அவனுக்குப் படி உண்டு,
வழியில் நிறுத்தி டீ போட்டுக் குடிக்க
ஒரு பாலைவனமும் உண்டு.
சம்பளச் சீட்டில் நான் லோக்கல் டிரைவர்.
எனக்குச் சிக்னல்கள்.

முதல்முறை அந்தச் சொல்லைக் கேட்டுச் சிரித்துவிட்டேன்.
நம் பக்கம் மட்டமான பொருளுக்குச் சொல்வது,
இல்லையென்றால் பேட்டை ரவுடிக்கு.
இங்கே பதினான்கு வருடமாக நான் லோக்கல்.
என்னிடம் இக்காமா கேட்காத போலீஸ்காரன்
இன்னும் பணியில் சேரவில்லை.

தேனப்பன் போன் போட்டால்
"சரக்கு ஏத்திட்டிருக்கேன்" என்பேன்.
"அங்கேயுமா?" என்பான்,
ஒவ்வொரு முறையும், அலுக்காமல்.

பெட்டிக்குள் என்னவென்று யாரும் சொல்வதில்லை.
காகிதத்தில் எடை இருக்கும், சீல் நம்பர் இருக்கும்,
'உள்ளிருப்பதாகச் சொல்லப்படுவது' என்று
கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஏதோ இருக்கும்.
ஓட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.
டைல்ஸ் என்றால் பிரேக்கில் முதுகைப் பிடித்துத் தள்ளும்.
எண்ணெய் டிரம் வளைவில் ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பும்.
அரிசி, பாவம், சொன்ன பேச்சு கேட்கும்.

அன்றைக்கு எடை குறைவு.
காற்று பெட்டியைப் பிடுங்கப் பார்த்தது.
குழந்தைகள் டயாப்பர் என்று முடிவுகட்டிக்கொண்டு
கேட்டுக்கு வந்தால்,
காகிதத்தில் கடைசி எண் ஏழு,
பெட்டியில் தொங்கும் சீலில் ஒன்று.
"ஓரமாய்ப் போடு" என்றார் சூடானி இத்ரீஸ்.

இரவு பதினொன்று.
எஞ்சினை அணைத்தால் ஏசி இல்லை,
அணைக்காவிட்டால் டீசல் கணக்கு.
குல் ஸமீன் என்னைக் கடந்து போனான்,
திரும்பி வந்தான், மறுபடி போனான்,
மூன்றாவது டிரிப்பில் ஜன்னல் வழியே
பாதிக் குப்பூஸை எறிந்துவிட்டுப் போனான்.
அடுத்த ரயிலும் வந்து
தன் பெட்டிகளைக் கொட்டியது.
சும்மா நிற்கிற பெட்டி எதையும் சொல்லாது.
தட்டிப் பார்த்தேன். தகரம்.

நாலரைக்கு இத்ரீஸ் டார்ச்சோடு இறங்கி வந்தார்.
சீலை உற்றுப் பார்த்தார்.
விரலில் எச்சில் தொட்டுத் துடைத்தார்.
கிரீஸ்.
அதன் அடியில் ஏழின் தலைக்கோடு.
இருவருமே ஒன்றும் பேசவில்லை.
ஐந்தரை மணி நேரம்,
குறைந்தது மூன்று டிரிப்,
ஒரு நகக்கண் அளவு கறுப்பு.

காலை நெரிசலுக்கு லாரிகளைத் தடுக்கும் முன்
கிடங்கைப் பிடித்துவிட்டேன்.
வழக்கமாகப் பெட்டியைத் திறக்கும்போது
நான் சீட்டில் சாய்ந்து தூங்குவேன்.
அன்று இறங்கிப் போய் நின்றேன்,
ஒரு இரவைத் தின்றது எது என்று பார்க்க.

ஒட்டகங்கள்.
உள்ளங்கை அளவு பஞ்சு ஒட்டகங்கள்,
ஒரு பாலிதீன் பைக்கு இருபத்துநாலு,
எந்தச் சீன ஊரிலோ தைத்து
கப்பலேறி, ரயிலேறி, என் முதுகேறி
ஏர்போர்ட் கடைகளுக்குப் போகிறவை.
கழுத்துப் பட்டையில் தங்க நூலில் ரியாத்.

காது பிய்ந்த ஒன்றை
ஸ்டோர் கீப்பர் பைஜு என்னிடம் வீசினான்.
டேஷ்போர்டில் வைத்தேன்.
பிரேக் போட்டால் தலைகுனிந்தது,
கியர் மாற்றினால் நிமிர்ந்தது.

காலிப் பெட்டியோடு கேட்டுக்குத் திரும்பினேன்.
ஷிஃப்ட் முடியாத இத்ரீஸ்
கண்ணாடி வழியே அதைக் காட்டிக் கேட்டார்,
"இது யார்?"
"லோக்கல்" என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
பேனாவைத் திறந்து
சீல் நம்பர் கேட்டார்.
காலிப் பெட்டிக்குச் சீல் கிடையாது.
அது அவருக்கும் தெரியும்.